ஒரு படம், இரண்டு வரி, மூன்று மாத ஜெயில்!

சிரிக்க வைக்கும் கேலிச் சித்திரங்களின் கதை. அரியலூரும் பெரம்பலூரும் சொல்லும் பாடம்

ஒரு படம். அதன் கீழே இரண்டு வரி. அதற்குக் கிடைத்த தண்டனை மூன்று மாதக் கடுங்காவல்!

ராஜா காலத்துக் கதை போலத் தோன்றும். ஆனால் இது 1987-ம் ஆண்டு சென்னையில் நடந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் 'ஆனந்த விகடன்' வாரப் பத்திரிகையின் அட்டையில் ஒரு கேலிச் சித்திரம் வெளிவந்தது.

ஒரு பொதுக்கூட்ட மேடை. மேடையில் இரண்டு பேர். ஒருவரைப் பார்த்தால் ஜேப்படித் திருடன் போல இருக்கிறார். மற்றவரைப் பார்த்தால் முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருக்கிறார்.

"இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார்?" என்று ஒருவருக்குச் சந்தேகம். ஜேப்படி ஆசாமிதான் எம்.எல்.ஏ., முகமூடிக்காரர்தான் மந்திரி என்று பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொல்கிறார்.

இதுதான் அந்தப் படம். இன்ன ஊர் எம்.எல்.ஏ. என்று அதில் இல்லை. இன்ன மந்திரி என்றும் இல்லை.

ஆனாலும் சட்டசபையில் புயல் கிளம்பியது. "இது சபையின் உரிமையை மீறிய செயல்" என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்கும்படி சொல்லப்பட்டது. ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார்.

1987 ஏப்ரல் 4-ந் தேதி சபாநாயகர் பி.எச்.பாண்டியன் தண்டனையை அறிவித்தார். மூன்று மாதக் கடுங்காவல்! ஆசிரியர் சென்னை மத்திய சிறைக்குக் கொண்டு போகப்பட்டார்.

நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். சில நாட்களிலேயே அவர் விடுதலை செய்யப்பட்டார்.

அதோடு கதை முடியவில்லை.

"விட்டார்கள், வந்துவிட்டேன்" என்று அவர் சும்மா இருக்கவில்லை. தண்டித்தது சரியா என்று ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1994-ல் தீர்ப்பு வந்தது. தண்டனை செல்லாது! 1,000 ரூபாய் நஷ்டஈடு!

அந்த 1,000 ரூபாயை அவர் செலவு செய்யவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார். பணத்தின் மதிப்பு ஆயிரம். அதன் பொருளோ அதைவிடப் பெரியது.

படத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

பத்திரிகையில் நீண்ட தலையங்கம் வருகிறது. அதை எத்தனை பேர் முழுவதும் படிக்கிறார்கள்? படித்தவர்களிலும் சிலர்தான். ஆனால் கேலிச் சித்திரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பார்க்கிறார். எழுத்தே தெரியாதவரும் பார்க்கிறார். தாத்தா பார்க்கிறார், பேரனும் பார்க்கிறான்.

இந்த உண்மையை நன்றாகத் தெரிந்துகொண்டவர் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ட்வீட்.

நியூயார்க் நகரத்தின் அரசியல் அவர் கையில் இருந்தது. நகராட்சிப் பணம் அவரிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் போய்ச் சேர்ந்தது. கோர்ட்டுக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். அதற்கு எழுதிய கணக்கு, உண்மைச் செலவைப் போலப் பல மடங்கு!

தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அவரை வாராவாரம் பத்திரிகையில் வரைந்தார். 1871-ல் அவர் வரைந்த ஒரு படம் மிகவும் பிரபலம். அதில் ட்வீடுக்குப் பெரிய தொப்பை உண்டு, கோட்டு உண்டு, தலை மட்டும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பண மூட்டை!

ட்வீட் பதறினார். "பத்திரிகையில் என்ன எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை. என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் படங்களை அவர்கள் பார்க்கிறார்களே!" என்ற பொருளில் அவர் புலம்பியதாகச் சொல்வார்கள்.

பிறகு ட்வீட் கைதானார். சிறையிலிருந்து தப்பி ஸ்பெயின் நாட்டுக்கு ஓடினார். அங்கே 1876-ல் பிடிபட்டார். எப்படித் தெரியுமா? நாஸ்ட் வரைந்த கேலிச் சித்திரத்தை வைத்துத்தான் அங்குள்ள அதிகாரிகள் அவரை அடையாளம் கண்டார்கள்!

வரியை விழுங்கிய ராஜா

அதற்கும் முந்திய கதை ஒன்று பிரான்சு நாட்டில் நடந்தது.

1831-ல் தோமியே என்ற இளம் ஓவியர் ஒரு படம் வரைந்தார். ராஜா லூயி பிலிப் பெரிய பூதமாக ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வாயிலிருந்து தரை வரைக்கும் ஒரு பலகை. கந்தல் துணி உடுத்திய ஏழைகள் தங்கள் காசைக் கூடையில் போடுகிறார்கள். கூடைகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் பலகையில் ஏறுகிறார்கள். ராஜாவின் வாயில் கொட்டுகிறார்கள்!

ஏழைகள் கட்டும் வரிப்பணம் யாருடைய வயிற்றுக்குப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் உண்டா?

தோமியேக்குக் கிடைத்த பரிசு ஆறு மாதச் சிறைத் தண்டனை.

தமிழில் தொடங்கியவர் பாரதியார்

தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு வழி வகுத்தவர் கவி பாரதியார்.

1906-ல் சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பாரதியார் அதை நடத்தினார். அதில் கருத்துப் படங்களை வெளியிட்டார். வெள்ளைக்கார ஆட்சியும், இந்தியாவின் வறுமையும், தலைவர்களின் சண்டையும் படங்களாக வந்தன. படத்தின் பொருள் விளங்குவதற்காக விளக்கமும் அச்சிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒருவர் பத்திரிகையைப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பவர்களுக்குப் படம் பெரிய உதவி.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1908-ல் பத்திரிகையின் சட்டபூர்வமான ஆசிரியராகப் பதிவாகி இருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டார். அவருக்கு ஐந்து ஆண்டு தண்டனை. பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அங்கிருந்து பத்திரிகை மீண்டும் வெளிவந்தது.

"என்னையும் விடாதே!"

எல்லாத் தலைவர்களுமே கேலியைக் கண்டு கோபப்பட்டார்களா? இல்லை.

சங்கர் என்ற பிரபல கேலிச் சித்திரக்காரர் 1948-ல் டெல்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. "சங்கர், என்னையும் விட்டு வைக்காதே" என்ற பொருளில் நேரு அவரிடம் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. சங்கரும் விட்டு வைக்கவில்லை. நேருவைப் பலவிதமாகப் போட்டு வாங்கினார்!

அதே பத்திரிகை 1975-ல் நின்றுபோனது. அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது.

அந்த இருட்டிலும் ஒரு மின்னல் வெட்டியது. 1975 டிசம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அபு ஆபிரகாம் ஒரு படம் வரைந்தார். ஜனாதிபதி குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கதவு வழியாக நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்கிறார்!

குளிக்கக்கூட நேரம் தராமல் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்துகொண்டிருந்தது. பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்தப் படம் சொன்னதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பேசாத மனிதர்

'டைம்ஸ் ஆப் இந்தியா' பத்திரிகையில் ஆர்.கே.லட்சுமண் படைத்த 'சாமானிய மனிதர்' நாடறிந்தவர். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, அடர்ந்த மீசை. 1951-ல் தொடங்கிய அந்தச் சின்னப் படம் பல ஆண்டுகள் தினமும் வந்தது.

சாமானிய மனிதர் வாய் திறந்து பேசுவதே கிடையாது. மந்திரி பேசுவார். அதிகாரி பேசுவார். பணக்காரர் பேசுவார். இவர் ஓர் ஓரமாக நின்று பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வையே கேள்வி!

புனேயில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் உருவத்தில் தபால் தலையும் வந்தது. கற்பனை மனிதர் ஒருவருக்கு இவ்வளவு மரியாதை! லட்சுமண் 2015 ஜனவரி 26-ந் தேதி காலமானார்.

தமிழிலும் இந்த வரிசை தொடர்ந்தது. மாலி, கோபுலு, மதன் ஆகியோர் 'ஆனந்த விகடன்' மூலம் புகழ் பெற்றார்கள். 'தினமணி'யில் மதி வரைந்த 'அடடே' என்ற சின்னப் படத்துக்கு ஏராளமான ரசிகர்கள். 1970-ல் சோ தொடங்கிய 'துக்ளக்' பத்திரிகையின் முதல் இதழில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டன!

பட்ஜெட்டும் வெங்காயமும்

பொருளாதாரம் என்றால் பலருக்குத் தலை சுற்றும். கோடி, லட்சம் கோடி என்று கணக்குப் போனால் புரியாது. கேலிச் சித்திரக்காரர் என்ன செய்கிறார்? அந்தக் கணக்கை வீட்டுப் பொருளாக மாற்றிவிடுகிறார்.

பதவி என்றால் நாற்காலி. செல்வம் என்றால் தொப்பை. வறுமை என்றால் ஒட்டிய வயிறு. பட்ஜெட் என்றால் கிழிந்த பை. வரி என்றால் இறுகும் கயிறு. இந்த ஐந்தும் தெரிந்தால் பாதிப் படங்கள் விளங்கிவிடும்.

1991-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணம் கையில் இல்லை. இந்தியாவின் தங்கம் சுமார் 47 டன் கடல் கடந்து அடகுக்குப் போனது. ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஜூலை 24-ந் தேதி நிதி மந்திரி மன்மோகன் சிங் புதிய பட்ஜெட்டைக் கொண்டு வந்தார். தொழில் தொடங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது.

'அந்நியச் செலாவணி நெருக்கடி' என்று சொன்னால் யாருக்குப் புரியும்? வீட்டுத் தாலிச் செயினை அடகுக் கடைக்குக் கொண்டு போவது போல என்று சொன்னால் யாருக்குப் புரியாது? கேலிச் சித்திரத்தின் வேலை இதுதான்.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு, பழைய 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாளிலிருந்து சித்திரக்காரர்கள் வரைந்தது ஒன்றே ஒன்றுதான். வரிசை! பாங்கி வாசலில் முடிவே இல்லாத வரிசை!

ஆனால் படத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது ஒரு பக்கத்தைத்தான் காட்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துக்குச் சின்ன வெங்காயம் முக்கியமான பயிர். வெங்காய விலை ஏறினால், வெங்காயத்தை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போலப் படம் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். விலை சரிந்தால்? பட்டறையில் வெங்காயம் அழுகும். பறிக்கிற கூலிகூடத் தேறாது. விவசாயியின் கண்ணில் வெங்காயம் உரிக்காமலேயே தண்ணீர் வரும். அந்தப் படத்தை அவ்வளவாக யாரும் வரைவதில்லை. ஏன்? பத்திரிகை வாங்குகிறவர்களில் வெங்காயம் வாங்குகிறவர்கள் அதிகம். வெங்காயம் விற்கிறவர்கள் குறைவு!

அரியலூர் சுவரில் எழுதாத சித்திரம்

கேலி, காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை. வாயிலும் இருக்கும்; சுவரிலும் இருக்கும். இரண்டே சொல்லில் ஒரு சித்திரத்தை வரைந்துவிட முடியும். அதற்குச் சாட்சி அரியலூர்.

1956 நவம்பர் 23-ந் தேதி. விடிவதற்கு முந்திய நேரம். பலத்த மழை. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்தது. பாலம் தாங்கவில்லை. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் பாய்ந்தன. தூங்கிக்கொண்டிருந்த பயணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டு போனார்கள்.

அப்போது ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் ஒரு விபத்து நடந்தது. அப்போதே அவர் ராஜினாமா செய்ய முன்வந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மீண்டும் ராஜினாமா கொடுத்தார். இந்த முறை அது ஏற்கப்பட்டது. விபத்துக்கு அவர் நேரடிக் காரணம் அல்ல. ஆனாலும் பொறுப்பு ஏற்றார். இன்றுவரை அதற்கு உதாரணமாக அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

ரெயில்வே துணை மந்திரியாக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓ.வி.அழகேசன்.

அடுத்த ஆண்டு, 1957-ல் பொதுத்தேர்தல். தி.மு.க. போட்டியிட்ட முதல் தேர்தல் அது. அப்போது ஒரு கோஷம் கிளம்பியது. 'ஆண்டது போதாதா? மாண்டது போதாதா?' என்று அரியலூர் பெயரோடு அழகேசன் பெயரைச் சேர்த்துக் கேட்ட கோஷம்!

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆண்டது, மாண்டது. ஆள்கிறவர் ஒரு பக்கம். மாண்டவர் ஒரு பக்கம். ஒரு நாற்காலியும் ஓர் உடைந்த பாலமும் கண்முன் வந்து நின்றன. கேலிச் சித்திரம் வேறு என்ன செய்யும்? படிக்காதவர்களும் ஒருமுறை கேட்டால் போதும், மறக்கமாட்டார்கள். குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அழகேசன் அரியலூர்க்காரர் அல்ல. செங்கல்பட்டுப் பக்கத்து ஒழலூர்க்காரர். ஆனாலும் 'அரியலூர்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1957-ல் அவர் மக்களவைக்கு வரவில்லை. 1962 தேர்தலில்தான் மீண்டும் வந்தார்.

கோஷம் அதோடு நின்றுவிட்டது. ஆனால் மனிதரின் வாழ்க்கை நிற்கவில்லை.

1965-ல் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தீவிரமாக நடந்தது. அப்போது அழகேசன் மத்திய மந்திரிசபையில் இருந்தார். அவரும் சி.சுப்பிரமணியமும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்ட பிரதமர் யார் தெரியுமா? அதே லால்பகதூர் சாஸ்திரி! கடிதங்கள் ஏற்கப்படவில்லை. இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். ஆனால் 'ஆண்டது போதாதா' என்று கேட்கப்பட்ட அதே மனிதர், மக்களின் உணர்ச்சிக்காகப் பதவியை விட முன்வந்தார் என்பது சரித்திரம்.

கோஷம் இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

பெரம்பலூரும் பத்து சைபர்களும்

அரியலூருக்கு அடுத்தது பெரம்பலூர். பெரம்பலூர்ப் பகுதியில் பிறந்து, வக்கீலாகி, 1996-ல் பெரம்பலூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் ஆ.ராசா. 1999-லும் 2004-லும் அதே தொகுதியில் வென்றார். பிறகு நீலகிரித் தொகுதிக்குப் போனார். 2007-ல் தொலைத்தொடர்பு மந்திரி ஆனார்.

செல்போனில் பேசும் பேச்சு, கண்ணுக்குத் தெரியாத அலையாகப் போகிறது. அந்த அலைக்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை நாட்டின் சொத்து. கம்பெனிகள் சர்க்காருக்குக் கட்டணம் கட்டி அதைப் பெறவேண்டும். அதைத்தான் 'அலைக்கற்றை' என்கிறார்கள்.

2008 ஜனவரியில் 122 லைசென்சுகள் வழங்கப்பட்டன. 2001-ம் ஆண்டின் விலைக்கே கொடுத்தார்கள், ஏலம் விடவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வெளிவந்தது. சர்க்காருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய நஷ்டம் சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம் கோடி ரூபாய் என்று ஒரு கணக்கு அதில் இருந்தது. அது உத்தேசமான கணக்கு.

1 லட்சத்து 76 ஆயிரம் கோடி என்றால் எவ்வளவு? 176 என்று எழுதி, அதற்குப் பின்னால் பத்து சைபர் போடவேண்டும்!

நாடு முழுவதும் கேலிச் சித்திரங்கள் குவிந்தன. ராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரி 2-ந் தேதி கைது செய்யப்பட்டார். 2012 மே மாதம் ஜாமீனில் வெளியே வந்தார்.

2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த 122 லைசென்சுகளையும் ரத்து செய்தது. வழங்கிய முறை சரியில்லை என்றது. ஆக, கேள்வி கேட்டது நியாயம்தான் என்று ஆயிற்று.

ஆனால் குற்ற வழக்கு தனியாக நடந்தது. 2017 டிசம்பர் 21-ந் தேதி தனிக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை, ராசா உள்பட எல்லோரும் விடுதலை! அதை எதிர்த்து சி.பி.ஐ. செய்த மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

சித்திரம் ஓர் இரவில் பிறக்கிறது. தீர்ப்பு வர ஏழு ஆண்டு ஆகிறது. படத்தில் ஒருவர் கையில் மூட்டையைக் கொடுத்துவிடுவது எளிது. தீர்ப்பு வந்த பிறகு, பார்த்தவர்களின் மனதில் இருக்கும் அந்த மூட்டையை யார் இறக்கி வைப்பது?

கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லலாமா?

அரியலூரும் பெரம்பலூரும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன.

பாலம் ஏன் உடைந்தது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. நாட்டின் சொத்தை ஏன் ஏலம் விடாமல் கொடுத்தீர்கள் என்று கேட்கவும் உரிமை உண்டு. அந்தக் கேள்வியை எழுத்தறியாதவரின் கையிலும் கொடுப்பது கேலிச் சித்திரம். அது அதன் பெருமை.

ஆனால் கேலிச் சித்திரக்காரர் நீதிபதி அல்ல. குற்றம் செய்தவர் இவர்தான் என்று முடிவு கட்டவேண்டியது கோர்ட்டு. அந்த எல்லையைச் சித்திரக்காரரும் மறக்கக்கூடாது, பார்த்துச் சிரிக்கிறவரும் மறக்கக்கூடாது.

இன்னொரு எல்லையும் உண்டு. பதவியில் இருப்பவரின் செயலைக் கேலி செய்யலாம். ஒருவரின் சாதியையோ, ஊனத்தையோ, நிறத்தையோ, குடும்பத்துப் பெண்களையோ கேலி செய்வது கேலிச் சித்திரம் ஆகாது. அது வசவு. வலியவரைப் பார்த்துச் சிரிப்பது தைரியம். எளியவரைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை.

இப்போதும் தொடரும் வழக்கு

'அதெல்லாம் பழைய காலம்' என்று நினைக்கவேண்டாம்.

2017 அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. குழந்தைகளும் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. பாலா என்ற கேலிச் சித்திரக்காரர் ஒரு படம் வரைந்தார். முதல்-மந்திரியும் கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் உடையின்றி, ரூபாய் நோட்டுகளால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதாக அந்தப் படம். நவம்பர் 5-ந் தேதி பாலா கைது செய்யப்பட்டார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது.

அந்தப் படம் அளவு மீறியது என்று சிலர் சொன்னார்கள். ஒரு குடும்பமே எரிந்த பிறகு அளவு பார்த்து வரைய முடியுமா என்று வேறு சிலர் கேட்டார்கள். கந்துவட்டியைப் பற்றி நாடு முழுவதும் பேசினார்கள். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

2025 பிப்ரவரியில் மீண்டும் 'விகடன்' பெயர் அடிபட்டது. இந்தியர்களை அமெரிக்கா கைவிலங்கு போட்டுத் திருப்பி அனுப்பிய சமயம் அது. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்குடன் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வந்தது. விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் 6-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும். நீக்கினால் இணையதளத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது.

1987-ல் ஆசிரியரைப் பூட்டினார்கள். 2025-ல் இணையதளத்தைப் பூட்டினார்கள். இரண்டு முறையும் ஒன்று நடந்தது. படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்!

வீட்டில் நான்கு கேள்வி

கேலிச் சித்திரத்தைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இனிமேல் குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

படத்தில் இருப்பவர் யார்? அவர் என்ன செய்ததாகப் படம் சொல்கிறது? அது உண்மையா, செய்தியில் வந்திருக்கிறதா? படத்தில் இல்லாதவர் யார்?

நான்காவது கேள்விதான் முக்கியம். வெங்காய விலை படத்தில் விவசாயி இல்லை. பட்ஜெட் படத்தில் கூலிக்காரி இல்லை. தேர்தல் படத்தில் ஓட்டுக்குப் பணம் வாங்கியவர் இல்லை! மேடையில் இருக்கும் ஜேப்படித் திருடனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவரை மேடை ஏற்றியது யார்?

இந்த நான்கையும் கேட்கத் தெரிந்தால், எந்தச் சித்திரமும் ஏமாற்ற முடியாது. எந்த மேடைப் பேச்சும் ஏமாற்ற முடியாது.

ஆள்கிறவர்கள் சிரிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. சிரிக்கிற மக்கள் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்று பொருள். மக்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.